தோடியில் கொதித்த கார்

ஐம்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் செய்துகொண்ட மாப்பிள்ளைகளில் பாதிப்பேராவது, மணப்பெண்ணின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்தனிஸ்லாஸின் பிடரியைத்தான் சரியாகப் பார்த்திருப்பார்கள். வேறு வழியில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை அலங்கரித்து வீதிவலம் கூட்டிவரும் ஜானவாசத்துக்குத் திறந்த கார் வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே திறந்த கார் ஸ்ரீரங்கராஜனுடைய பழைய செவர்லே. அந்தச் செவர்லேயை ஸ்தனிஸ்லாஸைத் தவிர வேறு யார் தொட்டாலும் அது நடுவீதியில் படுத்துக்கொள்ளும். ஆகவே கோட்டும் சூட்டும் கழுத்து நிறைய மாலையுமாக மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் ஸ்தனிஸ்லாஸின் எண்ணெய் மினுங்கும் பிடரி, கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா சுரூபம். அதற்கும் முன்னால் நாகஸ்வரம்.

ஆள் பாலக்கரைக்காரர். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்தார். மகனையும் அங்கேயே நுழைத்துவிட வேண்டும் என்று அந்த மனிதர் தலைகீழாக நின்று பார்த்தார். மகனுக்கோ சங்கு ஊதினால் உள்ளே போவதும் சங்கு ஊதினால் வெளியே வருவதும் நடுவில் நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்பதும் ஒத்துவரவில்லை. யுத்தத்தில் சேர்ந்து அஸ்ஸாம் மலைப்பாதைகளில் லாரி ஓட்டினார். உயிரோடு திரும்பி வந்து வேலை தேடியபோது, பெரிய கடை வீதியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்த ஸ்ரீரங்கராஜன் டிரைவர் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனார். ஸ்ரீரங்கராஜன் லைசென்ஸைக்கூடப் பார்க்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"மெதுவா ஓட்டத் தெரியுமோ?"

ஸ்தனிஸ்லாஸ் விழித்தார். மலை ஏறத் தெரியுமா, சேற்றில் ஓட்டத் தெரியுமா என்றெல்லாம் கேட்பார்கள் என்று பதில்களோடு வந்திருந்தார். 

"எவ்வளவு மெதுவாங்கய்யா?"

"நாகஸ்வரக்காரன் நடக்கற வேகத்துக்கு."

அது எவ்வளவு பெரிய வித்தை என்பது பிறகுதான் தெரிந்தது. கன்னாபின்னாவென்று ஓட்டுவதற்கு என்ன, எவன் வேண்டுமானாலும் ஓட்டுவான். முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்குத் தூக்குகிறவர்கள், அவர்களுக்கு நடுவில் தவில், சக்கரத்துக்கு ஒரு முழத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வாண்டுகள், பின் சீட்டில் எழுந்து நின்று யாருக்கோ கும்பிடு போடும் மாப்பிள்ளை. இத்தனைக்கும் நடுவில் வண்டி குலுங்காமல், அணையாமல், நகர்வதும் நகராததும் தெரியாமல் போக வேண்டும். ஸ்தனிஸ்லாஸுக்கு அது கைவந்துவிட்டது. சங்கீத ஞானம் அவருக்குத் துளியும் கிடையாது. ஆனால் எந்த ராகத்துக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அத்துப்படி. மோகனம் என்றால் சட்டென்று முக்கு திரும்பிவிடலாம். தோடி என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதுவும் வாசிப்பவர் அழகர்சாமியாக இருந்தால், அந்தத் தோடி ஒரு வீட்டு வாசலில் தொடங்கி, அந்த வீட்டார் காப்பி கொடுத்து டம்ளரைத் திரும்ப வாங்கும் வரைக்கும் நடக்கும்.

அப்போதும் வண்டி சூடேறாது. ஸ்தனிஸ்லாஸுக்கு இதில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "என் வண்டி கொதிச்சதே இல்ல" என்பதை அவர் பாலக்கரை டீக்கடையிலிருந்து அம்மா மண்டபம் படித்துறை வரை சொல்லாத இடமில்லை. டாஷ்போர்டில் ரங்கநாதர் சயனித்திருந்தார், பக்கத்தில் சகாயமாதா. இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்பார். ஆனால் தினமும் காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பது மட்டும் அவர்தான்.

ஸ்ரீரங்கராஜனின் மகள் கோமளவல்லி பள்ளிக்கூடம் போனதும் அந்த வண்டியில்தான். பாவாடை கட்டிய நாளில் அவள் பின் சீட்டிலிருந்து எட்டி ஸ்தனிஸ்லாஸின் தோளைத் தட்டி, "என் ஜானவாசத்துக்கும் நீதானே ஓட்டுவே?" என்று கேட்டாள். "உன் மாப்பிள்ளைய நான் இல்லாம வேற யாரும்மா ஓட்டுவாங்க?" என்றார் அவர். குழந்தை அதை அன்றைக்கே மறந்திருக்கும். அவர் மறக்கவில்லை. கோமளாவுக்கு ஐப்பசிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் என்று நிச்சயமானபோது, பெண்ணைப் பெற்றவரைவிட அதிகமாகப் பூரித்துப்போனவர் அவர்தான்.

அந்த வருஷம்தான் வினையும் வந்தது.

நவராத்திரி சமயம் எஞ்சினில் ஒரு முனகல் கேட்டது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் விசிறியில் ஒரு இறக்கை அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. அது பிய்த்துக்கொண்டு பறந்தால் ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டுதான் போகும். ஸ்தனிஸ்லாஸ் நேரே காஜா மைதீனிடம் போனார். பாலக்கரையில் பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருந்த காஜா மைதீனிடம் இல்லாத பொருள் இல்லை, தேடினால் கிடைக்கும் பொருளும் இல்லை. அரைநாள் குடைந்து, நாலு இறக்கை விசிறி ஒன்றை வெளியே இழுத்தார்.

"அளவு சரியா இருக்கும் அண்ணே. ஒண்ணுதான். உங்க பழசுல நடுத்தட்டு ஒரு பக்கம் எடுப்பா இருக்கு, இதுல சப்பையா இருக்கு" என்றார் காஜா மைதீன்.

"துளை ஒத்து வருதில்ல, போதும்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நடுத்தட்டு எடுப்பாக இருந்த பழைய விசிறியை ஒரே விதத்தில்தான் மாட்ட முடியும். சப்பையான புது விசிறியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம்.

புது விசிறியை மண்ணெண்ணெயில் கழுவி, துரு போகத் தேய்த்து, வெள்ளிப் பூச்சு அடித்து, ஆயுத பூஜையன்று சாமான்களோடு சாமானாகக் கூடத்தில் வைத்தார். ஸ்பேனர்கள், ஜாக்கி, காற்றடிக்கும் பம்ப், எல்லாம் மணைகளின் மேல் வரிசையாக இருந்தன. விசிறியைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்திருந்தார், அப்படி வைத்தால்தான் ஆடாமல் உட்காரும். நாலு இறக்கையும் நாலு தொன்னை போல் ஏந்திக்கொண்டிருந்தன. ஸ்ரீரங்கராஜனின் மனைவி சகுந்தலா சந்தனக் கிண்ணத்தோடு வந்தவள், பளபளவென்ற அந்த விசிறியைப் பார்த்ததும் மற்ற எதற்கும் இல்லாத கவனத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொரு குழியிலும் சந்தனம் இட்டு, அதன் மேல் அழகாகக் குங்குமம் வைத்தாள்.

"எப்படி இருக்கு, ஸ்தனிஸ்லாஸ்?"

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும்மா" என்றார் அவர்.

பூஜை முடிந்து பிற்பகல் மாட்ட உட்கார்ந்தார். டைனமோவைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரின் மெல்லிய செப்புத் தகடுகளில் இறக்கை கீறிவிடாமல் இடையில் பழைய காலண்டர் அட்டை ஒன்றைச் செருகினார். விசிறியைச் சாய்த்து உள்ளே இறக்கும்போதுதான் கை நின்றது. வழக்கம்போல மாட்டினால் குழிந்த பக்கம் எஞ்சினைப் பார்க்கும். சந்தனமும் குங்குமமும் எண்ணெய்ப் புகைக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கும். அம்மா அவ்வளவு ஆசையாக வைத்த பொட்டு. தன் வீட்டு மாதா படத்தை யாராவது அடுப்பைப் பார்க்கத் திருப்பி மாட்டினால் தனக்கு எப்படி இருக்கும்? பொட்டை நெற்றியில் வைப்பார்களா, பிடரியில் வைப்பார்களா? அவர் விசிறியைத் திருப்பினார். துளைகள் அதற்கும் கச்சிதமாக ஒத்துவந்தன. நாலு போல்ட்டையும் முறுக்கினார்.

சந்தேகம் வராமலில்லை. எஞ்சினைக் கிளப்பி, விசிறிக்குப் பின்னால் கையை நீட்டிப் பார்த்தார். காற்று பின்பக்கம்தான் வந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, இந்த மாதிரி விசிறியைத் திருப்பி மாட்டினாலும் காற்று போகும் திசை மாறாது. அளவுதான் குறையும். கைக்குக் காற்றின் திசை தெரியும், அளவு தெரியுமா? ஸ்தனிஸ்லாஸ் திருப்தியாகப் பானெட்டை மூடினார்.

ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் வடக்கு உத்திர வீதியில் ஒரு ஜானவாசம். மாப்பிள்ளை பம்பாயிலிருந்து வந்தவர், சூட்டு மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். வீதி முக்கில் அழகர்சாமி நின்றார், கண்ணை மூடினார், தோடியைத் தொடங்கினார். தோடி அரைவாசி போயிருக்கும். செவர்லேயின் மூக்கின் மேலிருந்த மூடி முதலில் மெல்ல முணுமுணுத்தது. பிறகு சீறியது. பிறகு ஒரு பெரிய வெள்ளை ஆவிக் கோபுரம் கிளம்பி, ஸ்தனிஸ்லாஸ், மாப்பிள்ளை, விளக்குத் தூக்கிகள், எல்லோரையும் மூடிக்கொண்டது. மாப்பிள்ளை மாலையும் கையுமாகக் கதவைத் திறக்காமலே வெளியே குதித்தார். நல்லவேளை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாப்பிள்ளை மிச்ச வீதியை நடந்தே போனார்.

"மாப்பிள்ளைய இட்லி அவிச்சுட்டா ஸ்ரீரங்கராஜனாத்து வண்டியிலே" என்று மறுநாள் காலைக்குள் உத்திர வீதி நாலிலும் பேச்சு. இட்லிப் பேச்சைத் தாங்கிக்கொள்ளலாம். "அபசகுனம்" என்று ஒரு வார்த்தை கூடவே கிளம்பியதே, அதுதான் நெஞ்சில் தைத்தது. ஸ்தனிஸ்லாஸ் அவமானத்தில் வாய் தவறிவிட்டார். "அந்தாளு நிப்பாட்டாம ஊதினா வண்டி என்னங்க செய்யும்?" என்று யாரிடமோ சொல்ல, அது அழகர்சாமி காதுக்குப் போனது. பத்து ஊரில் பேர் வாங்கிய தோடி ஒரு ஓட்டைக் காரைக் கொதிக்க வைத்ததாகக் கேட்டால் எந்த வித்வானுக்குத்தான் பொறுக்கும்? அவர் ஸ்தனிஸ்லாஸைக் கண்டால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

அடுத்த நாட்களில் ஸ்தனிஸ்லாஸ் செய்யாத வைத்தியமில்லை. ரேடியேட்டரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றிக் கழுவினார். ரப்பர் குழாய்களை மாற்றினார். பெல்ட்டை இறுக்கினார். காவிரித் தண்ணீரை விட்டுவிட்டுக் கொள்ளிடத்துத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார், அதற்கு என்ன காரணம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. லால்குடிக்கு ஓட்டிக்கொண்டு போனால் வண்டி குளுகுளுவென்று போய்க் குளுகுளுவென்று திரும்பியது. ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்து ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தால் போதும், சீற ஆரம்பித்துவிடும்.

"லால்குடி வரைக்கும் ஓடறது, மொட்டைக் கோபுரத்துலேர்ந்து என் ஆத்து வாசல் வரைக்கும் ஓடமாட்டேங்கறதே!" என்றார் ஸ்ரீரங்கராஜன். அவர் கோபித்திருந்தால்கூடத் தேவலை, சிரிக்கப் பார்த்துச் சிரிப்பு வராமல் சொன்னார்.

சில நாளில் துறையூரிலிருந்து ஒரு பண்ணைக்காரர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எஞ்சினை மட்டும் கழற்றித் தன் கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்துக்கொள்வதாக அவருக்கு யோசனை. "கொதிச்சா என்னங்க, கிணத்துத் தண்ணியவே அது மேல ஊத்திக்கிறேன்" என்றார் உற்சாகமாக. 

அவர் போன பிறகு ஸ்ரீரங்கராஜன் கூப்பிட்டார். "ஸ்தனிஸ்லாஸ், தப்பா நினைச்சுக்காதே. கல்யாணம் முடிஞ்சதும் துறையூர்க்காரருக்கு வண்டியைக் குடுத்துடலாம்னு இருக்கேன். உனக்குக் கடையிலே வேற வேலை பாத்துத் தரேன். கோமளா ஜானவாசத்துக்கு டவுன்லேர்ந்து வாடகைக் கார் சொல்லிட்டேன். சம்பந்தி ஆத்துக்காரா காதிலே அபசகுனம் அது இதுன்னு விழுந்துடுத்து. நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

"சரிங்கய்யா" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.  கொட்டகைக்குப் போய் வண்டியின் படிப்பலகையில் உட்கார்ந்துகொண்டார். வண்டி போவது ஒரு துக்கம். கோமளாவின் மாப்பிள்ளை வேறு எவன் பிடரியையோ பார்த்துக்கொண்டு போகப்போகிறாரே, அது அதைவிடப் பெரிய துக்கம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துடைக்க ஒன்றும் இல்லாத வண்டியைத் துடைத்தார்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாலக்கரை மாதா கோவிலில் பூசை கண்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அவர் மனைவி ரோசம்மாள் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்புச் சட்டியை அருகில் நகர்த்தி வைத்தாள். அவர் யோசனையிலேயே அகப்பையை எடுத்துச் சட்டியில் விட்டார். விட்டு எடுத்தார். சோற்றில் ஊற்றினார். மறுபடி விட்டார், மறுபடி ஊற்றினார். சோறு வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் ரோசம்மாள். "அகப்பையக் குப்புறப் புடிச்சுக்கிட்டுத் துழாவினா குழம்பு எப்படிங்க ஏறும்? குழி மேல இருக்கணும். முதுகால மொண்டுக்கிட்டு இருக்கீங்களே!"

ஸ்தனிஸ்லாஸ் கையைப் பார்த்தார். ஆமாம், தேங்காய் ஓட்டின் முதுகு மேலே இருந்தது. திருப்பினார், முக்கினார், நிறைய வந்தது. மறுபடி கவிழ்த்து முக்கினார். நாலு சொட்டு வந்தது. மறுபடி திருப்பினார். நிறைய. மறுபடி கவிழ்த்தார்.

"மாதாவே!" என்றாள் ரோசம்மாள். "இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு?"

"ரோசம்மா, குழிதான் காத்த அள்ளணும். நான் முதுகால அள்ள விட்டிருக்கேன்!" அவர் எழுந்துவிட்டார். "அம்மா பொட்டு வெச்ச பக்கம் குழி. அதை நான் முன்னால திருப்பிட்டேன். ஓட்டம் புடிச்சா எதிர்க்காத்து வந்து ஆத்திடுது. ஊர்ந்து போனா ஃபேனத் தவிர வேற நாதி இல்ல. அதான் லால்குடியில கொதிக்கல, வீதியில கொதிக்குது! அந்த அகப்பையக் குடு, ஐயாகிட்ட காட்டணும்."

ரோசம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. "கறிக்குழம்பு அகப்பைய எடுத்துக்கிட்டு ஐயங்கார் வீட்டுக்கா போறீங்க? நல்லாருக்கே கதை! சோத்தைத் தின்னுட்டுப் போங்க."

அவர் தின்னவில்லை. பூசைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு சைக்கிளில் ஏறி, காவிரிப் பாலத்தில் நிறைந்து ஓடும் தண்ணீரைக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போனார். பாதிப் பாலத்தில்தான் மிதி கொஞ்சம் மெதுவானது. ஐயாவிடம் என்ன சொல்வது? "அம்மா வைத்த பொட்டினால் வந்தது" என்று சொன்னால், பூஜையின் மேல் பழி போட்டதாக ஆகிவிடும். கல்யாண வீட்டில், அதுவும் பெண்ணின் அம்மா மேல். தூக்கி எறிய வேண்டிய வார்த்தை அது. தப்பு தன் கையில் என்று மட்டும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு மறுபடி அழுத்தினார்.

வாசலில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். ஸ்ரீரங்கராஜன் கொட்டகைக்கு வந்தபோது ஸ்தனிஸ்லாஸ் ஏற்கெனவே பெல்ட்டைக் கழற்றி, காலண்டர் அட்டையைச் செருகி, மூன்றாவது போல்ட்டில் இருந்தார்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்னப்பா பண்றே?"

"ஃபேன நான் திருப்பிப் போட்டுட்டேங்கய்யா. குழி எஞ்சினப் பாக்கணும். நான் ரேடியேட்டரப் பாக்க வெச்சுட்டேன். தப்பு என்னுதுதான்."

ஸ்ரீரங்கராஜனுக்கு இத்தனை நாள் அடக்கி வைத்த கோபம் அப்போதுதான் வந்தது. "யுத்தத்துலே லாரி ஓட்டினவன்! இத்தனை வருஷமா இந்த வண்டியோட குடித்தனம் பண்றவன்! எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுண்டே ஏன் திருப்பிப் போட்டே?"

 ஸ்தனிஸ்லாஸ் நாலாவது போல்ட்டைக் கழற்றி, விசிறியைச் சாய்த்து, மெல்ல மேலே எடுத்தார். சத்தம் கேட்டு சகுந்தலா வந்து நின்றாள். "சொல்லேன்ப்பா, ஏன்?" என்று ஸ்ரீரங்கராஜன் மறுபடி கேட்டார். ஸ்தனிஸ்லாஸ் விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

சகுந்தலாவின் கண் விசிறியில் விழுந்தது. சூட்டில் காய்ந்து வெடித்த சந்தனம், அதன் நடுவில் மங்கிய குங்குமம். நாலு குழியிலும் நாலு பொட்டு. அவள் அதையும் பார்த்தாள், அது எந்தப் பக்கம் பார்த்து நின்றிருந்தது என்பதையும் பார்த்தாள், வாய் திறக்காமல் நிற்கும் மனிதரையும் பார்த்தாள்.

"ஏன்னா, அவனைக் கத்தாதீங்கோ" என்றாள். "ஸ்தனிஸ்லாஸ், நான் வெச்ச பொட்டு எஞ்சின் புகையைப் பாத்துண்டு நிக்கப்படாதுன்னா திருப்பினே?"

"அது... நல்லா வெச்சிருந்தீங்கம்மா. பின்னால திருப்ப மனசு வரல."

சகுந்தலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்ரீரங்கராஜன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், அங்கவஸ்திரத்தால் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றார் கடைசியில். குரலில் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பெருமாளுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன? எங்கே வெச்சாலும் பாத்துப்பார்" என்றாள் சகுந்தலா. "நீ சரியா மாட்டு. நான் முதுகுப் பக்கத்துக்கும் ஒரு பொட்டு வெச்சுடறேன், சரியாப் போச்சு."

அப்படியே செய்தாள். விசிறி குழிந்த முகத்தை எஞ்சினுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஸ்தனிஸ்லாஸ் எஞ்சினைக் கிளப்பினார். முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீரங்கராஜனின் அங்கவஸ்திர நுனி சர்ரென்று போய் வண்டியின் மூக்கில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. அவர் இழுத்தார், அது வரவில்லை. "அட!" என்றார். சின்னப் பிள்ளை போல் விட்டுவிட்டுப் பிடித்து, மறுபடி ஒட்டவிட்டுப் பார்த்தார்.

ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். "காத்து இழுக்கறது சரி. சம்பந்தியாத்துக்கு நான் என்னன்னு சொல்றது? வீதியிலே ஊர்ந்து காட்டு, நம்பறேன்."

சாயங்காலம் உத்திர வீதியில் ஜானவாச வேகத்தில் ஒரு வெள்ளோட்டம் புறப்பட்டது. காலையில் பெய்த மழைக்குப் பிறகு வானம் வெளுத்திருந்தது. செவர்லே கூரையை மடித்துக்கொண்டு காலியாக ஊர்ந்தது, பக்கத்தில் ஸ்ரீரங்கராஜன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரேடியேட்டர் மூடியிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தார். வீதி முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. "மாப்பிள்ளை எங்கே ஓய்?" என்று ஒருவர் கேட்டார். "கொதிக்கறதுக்கு முன்னாடியே குதிச்சுட்டாரா?" என்றார் இன்னொருவர். ஸ்தனிஸ்லாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்ச்சை மட்டும் கவனித்தார். அரை வீதி போனதும் ஸ்ரீரங்கராஜனுக்கு முட்டி வலித்தது. ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வாசலில் நின்ற சகுந்தலாவைப் பெண்கள் தள்ளிக்கொண்டு வந்து, அவள் வேண்டாம் வேண்டாமென்று சொல்லச் சொல்ல, அவர் பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள்.

முக்கில் அழகர்சாமி வந்துகொண்டிருந்தார். கோவில் சேவைக்குப் போகிறவர், உறை போட்ட நாகஸ்வரம் தோளில். வண்டியைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் திரும்பப் போனவர், திரும்பவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் வண்டியை நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை. "வித்வானே, அன்னிக்குத் தப்பு என் ஃபேன்லதான். உங்க தோடி மேல பேசினது என் நாக்குக் கொழுப்பு. மன்னிச்சுக்குங்க" என்றார், வீதியே கேட்கும்படி.

அழகர்சாமி வண்டியின் மூக்கைக் குனிந்து பார்த்தார். "ரிப்பேர் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுன்னுதான் நினைக்கிறேன்."

"நினைச்சா போதுமா? பாத்துடுவோம்." அவர் உறையைக் கழற்றினார். தவில் இல்லை, சுருதிக்கு ஒத்து இல்லை. வண்டிக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, தோடியை எடுத்தார். அன்றைக்குப் பாதியில் நின்ற தோடியை அவர் யாருக்காகவும் சுருக்கவில்லை. மேலே போனார், இறங்கினார், திரும்பவும் மேலே போனார். செவர்லே நின்ற இடத்தில் முணுமுணுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்தனிஸ்லாஸின் கண் மூடியிலேயே இருந்தது.  மாதாவையும் ரங்கநாதரையும் மாறி மாறிக் கூப்பிட்டார். தோடி முடிந்தது. அழகர்சாமி கண்ணைத் திறந்து வந்து, மூடிக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். காப்பி டம்ளர் அளவுக்குத்தான் சூடு.

"கேட்டுது!" என்றார். "இன்னிக்குத்தான் உன் வண்டி என் தோடிய முழுசாக் கேட்டிருக்கு."

வீதி கொல்லென்று சிரித்தது. பின் சீட்டிலிருந்து சத்தம் இல்லையே என்று ஸ்தனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒரு பெண் சாமந்திச் சரத்தை எடுத்து ஸ்ரீரங்கராஜன் கழுத்தில் போட்டிருந்தாள். அவர் அதைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்க கல்யாணத்தப்போ ஜானவாசத்துக்கு வண்டியே கிடைக்கலே" என்றாள் சகுந்தலா மெதுவாக. "ஒரே மழை. இவர் குடையைப் பிடிச்சுண்டு நடந்தே வந்தார்."

"முழங்கால் வரைக்கும் சேறு" என்றார் ஸ்ரீரங்கராஜன். பிறகு, "ஸ்தனிஸ்லாஸ், அப்படியே இன்னொரு சுத்து போ. மெதுவாப் போ" என்றார்.

வண்டி சரியாகிவிட்டது என்று சம்பந்தி வீட்டுக்கும், வரவேண்டாம் என்று வாடகைக் காருக்கும் ஆள் போனது. ஜானவாசத்தன்று கோமளாவின் மாப்பிள்ளை பின் சீட்டில் எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்து கும்பிட்டார். அழகர்சாமி முக்குக்கு முக்கு நின்றார். வண்டி ஒரு சொட்டு ஆவியும் விடவில்லை. கல்யாணச் சத்திரத்து மாடி ஜன்னலில் கோமளா நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் அவள் மாப்பிள்ளையைப் பார்ப்பதாக நினைத்தார்கள். அவள் முன் சீட்டைப் பார்த்துத் தன் தோளைத் தானே ஒருமுறை தட்டிக் காட்டிச் சிரித்தாள். குழந்தை மறக்கவில்லை. ஸ்தனிஸ்லாஸுக்குப் பாதை கலங்கித் தெரிந்தது. நல்லவேளையாக, நாகஸ்வர வேகத்தில் போகிற வண்டியைப் பாதை தெரியாமலும் ஓட்டலாம்.

துறையூர்ப் பண்ணைக்காரர் வேறு எஞ்சின் பார்த்துக்கொண்டார். செவர்லே அதற்குப் பிறகும் பல வருஷம் மாப்பிள்ளைகளைச் சுமந்தது.

மறு வருஷம் ஆயுத பூஜையில் சகுந்தலா சந்தனக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தாள். ஸ்பேனர்கள், ஜாக்கி, பம்ப், எல்லாம் வழக்கம்போல வரிசையாக இருந்தன. கடைசி மணையில் ஒரு அகப்பை. புத்தம் புதியது, அடுப்பையே காணாதது. ரோசம்மாள் இதற்காகவே காந்தி மார்க்கெட்டில் வாங்கிக் கொடுத்தனுப்பியது.

சகுந்தலா சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சந்தனத்தைத் தொட்ட விரலைப் பாதியில் நிறுத்தினாள்.

"இதுக்கு எந்தப் பக்கம் வெக்கணும், ஸ்தனிஸ்லாஸ்? முன்னாடியே சொல்லிடு."

"எந்தப் பக்கம் வேணாலும் வைங்கம்மா" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "தப்பாப் புடிச்சா ரோசம்மா திட்டித் திருப்பிடுவா."